தப்படிக் கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் புவியியல் ரெக்கார்டு நோட்டுக்காகக் காவிரியை நூல் வைத்து அளந்தோம். அட்லஸை விரித்து, தலைக்காவிரியில் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறு வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து வளைத்து பூம்புகார் வரை கொண்டுபோக வேண்டும். பிறகு நூலை நிமிர்த்தி ஸ்கேலில் வைத்து, மேப்பின் அளவுகோலால் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். எனக்கு 690 வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு 740. ஒரே அட்லஸ், ஒரே பக்கம். அவன் தையல் நூலை எச்சிலில் நனைத்து, ஒவ்வொரு நெளிவிலும் நகத்தால் அழுத்தி அழுத்திப் போனான். நான் கொண்டுபோனது கம்பளி நூல். சின்ன வளைவுகளுக்குள் அது இறங்கவே இறங்காது, மேலோடு தாண்டிப் போய்விடும். சார் இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு 800 என்று எழுதினார். "புக்குல என்ன போட்டிருக்கோ அத எழுதுங்கடா."

அந்த 800-ஐ யார் அளந்தார்கள், எந்த நூலால் அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும், அது வேறு. ஆனால் அது நல்ல கேள்வி. ஒரு மனிதர் கிட்டத்தட்ட அதே கேள்வியில் தடுக்கி விழுந்துதான், யூக்ளிட் காலத்திலிருந்து எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை ஆட்டிப் பார்த்தார். அவர் கையில் இருந்தது ஜாமெட்ரி பாக்ஸில் நம் எல்லோரிடமும் இருந்த டிவைடர்.

*

வளைவை அளக்க மனிதர்கள் செய்துகொண்ட கைக்கருவிகள் பெரும்பாலும் எளிமையானவை. நேர்கோட்டுக்கு ஸ்கேல் போதும். வளைவுக்கு இரண்டே வழி. ஒன்று, அளக்கும் பொருளும் சேர்ந்து வளைய வேண்டும்: நூல், நாடா, தையல்காரரின் டேப். இரண்டு, வளைவைத் துண்டு துண்டான நேர்கோடுகளாக்கி, அவற்றை எண்ண வேண்டும். டிவைடர் செய்வது இதைத்தான். இரண்டு கூர்முனைகளுக்கும் நடுவில் ஒரு இடைவெளியை வைத்துத் திருகை இறுக்கிவிட்டு, ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றி, அதை ஊன்றி இதைச் சுழற்றி, மேப்பின் மேல் நடக்கவிடுவது. மாலுமிகள் கடல் வரைபடத்தில் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் நடந்தார்கள். நிலத்தைக் காலால் அளக்கிறவர்களுக்குத் தப்படி எப்படியோ, டிவைடருக்கு அந்த இடைவெளி அப்படி. எத்தனை தப்படி என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம்.

தப்படியைக் குறைத்துக்கொண்டே போனால் விடை உண்மைக்கு நெருங்கிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்குள்ளும் வெளியிலும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வைத்து, பை என்பது 3 10/71-க்கும் 3 1/7-க்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டினார். 96-க்குப் பதில் 192 பக்கம் போட்டால் இன்னும் நெருங்கலாம். ஆனால் எத்தனை பக்கம் போட்டாலும் தாண்ட முடியாத ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர்தான் வட்டத்தின் நீளம்.

19-ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு சின்னச் சக்கரம் இந்தத் துண்டு வேலையையும் மிச்சப்படுத்தியது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஓபிஸோமீட்டர். கிரேக்கத்தில் ஓபிஸோ என்றால் பின்னோக்கி. பெயரிலேயே வேலை இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் குறுக்காக ஒரு திருகாணி, திருகாணியின் புரியில் ஏறி ஓடுகிற ஒரு பல்சக்கரம். அவ்வளவுதான். சக்கரத்தைத் திருகாணியின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, சாலை மேலோ ஆற்றின் மேலோ உருட்டிக்கொண்டு போனால், உருள உருளச் சக்கரம் புரியில் நகர்ந்துகொண்டே போகும். முடிந்ததும் கருவியைத் தூக்கி, மேப்பின் அளவுகோல் மேல் வைத்துப் பின்னோக்கி உருட்ட வேண்டும். சக்கரம் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பி முட்டி நிற்கும் இடம்தான் விடை. எண் கிடையாது, முள் கிடையாது, பெருக்கல் கிடையாது. போன தூரத்தைத் திருகாணி ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இதைவிட அழகான ஒரு கருவியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் இதிலும் என் கம்பளி நூலின் கோளாறு உண்டு. சக்கரத்துக்கு ஒரு பருமன் இருக்கிறதே. அந்தப் பருமனைவிடச் சின்ன நெளிவுக்குள் அது நுழையாது. உருட்டுகிறவர் கையும் நடுங்கும், சோம்பல் படும். டிவைடர் தன் தப்படியை வெளிப்படையாகச் சொல்கிறது. நூலும் சக்கரமும் தங்கள் தப்படியை ஒளித்துவைத்துக்கொள்கின்றன. இன்று நம் கையில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் கடிகாரமும் அப்படித்தான். அது சில விநாடிகளுக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, "இன்னைக்கு 5.2 கிலோமீட்டர் ஓடிட்டீங்க" என்கிறது. புள்ளிகளுக்கு நடுவில் ஒரு தெருநாய்க்காக நாம் வளைந்து ஓடியது கணக்கில் வராது.

*

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1881-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குவேக்கர்கள் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ரிச்சர்ட்சன் பிரிட்டிஷ் வானிலைத் துறையில் வேலை பார்த்தார். 1916-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்குவதற்கு நடுவில், குளிரில் விறைத்த ஒரு தங்குமிடத்தில், வைக்கோல் குவியலையே அலுவலகமாக வைத்துக்கொண்டு, நாளைய வானிலையைக் கணக்குப் போட்டே சொல்ல முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1917-இல் சண்டை நடுவே தொலைந்து, பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922-இல் புத்தகமானது. அவர் போட்ட மாதிரிக் கணக்கு, காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும் என்று சொன்னது. கன்னாபின்னாவென்று தப்பு. அதை மறைக்காமல் அப்படியே அச்சிட்டார். வழி சரி என்பது பின்னால் கம்ப்யூட்டர்கள் வந்தபிறகு தெரிந்தது.

போர் முடிந்து திரும்பி வானிலைத் துறையில் மறுபடி சேர்ந்தார். 1920-இல் அந்தத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் போனது, அதாவது ராணுவத்தின் நிழலுக்குள். ராஜினாமா செய்தார். அதன்பிறகு கல்லூரிகளில் பாடம் எடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஒரே கேள்வியைத் துரத்தினார்: நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன? அதைச் சொற்பொழிவாகச் செய்யாமல் எண்களாகச் செய்தார். மனிதர் மனிதரைக் கொன்ற எல்லாச் சம்பவங்களையும், ஒற்றைக் கொலையிலிருந்து உலகப் போர் வரை, ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தினார். இந்த வேலைக்காகவே 1940-இல், ஓய்வு பெறும் வயதுக்கு முன்னாலேயே, ஸ்காட்லாந்தில் பார்த்துவந்த கல்லூரி முதல்வர் பதவியை விட்டார்.

அதில் ஒரு சந்தேகம் வந்தது. எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள்தான் அதிகம் அடித்துக்கொள்கின்றனவா? பக்கத்து வீட்டுக்காரரோடுதானே வேலித் தகராறு வரும். எத்தனை நாடுகளோடு எல்லை இருக்கிறது என்று எண்ணினார். எண்ணிக்கைக்கும் போர்களுக்கும் தொடர்பு இருந்தது. சரி, எல்லைகளின் நீளத்தையும் பார்த்துவிடுவோம் என்று புத்தகங்களைப் புரட்டினார். அங்கே கால் இடறியது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவில் உள்ள எல்லை ஒரு இடத்தில் 987 கிலோமீட்டர், இன்னொரு இடத்தில் 1214. நெதர்லாந்து - பெல்ஜியம் எல்லை 380, இல்லையென்றால் 449. இவை எந்தச் சண்டையிலும் கிடந்த எல்லைகள் இல்லை. கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நீளம் மட்டும் ஒத்துப்போகவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் ஒன்றை அச்சுப்பிழை என்று தள்ளிவிட்டு, நம்ம சார் மாதிரி, கனமான புத்தகத்தில் இருக்கிற எண்ணை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ரிச்சர்ட்சன் மேப்பை விரித்து டிவைடரை எடுத்தார்.

பெரிய தப்படி வைத்து ஒருமுறை, அதைக் குறைத்து ஒருமுறை, இன்னும் குறைத்து ஒருமுறை என்று நடந்தார். பிரிட்டனின் மேற்குக் கரை, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ஜெர்மனியின் நில எல்லை, போர்ச்சுகலின் நில எல்லை. ஆர்க்கிமிடீஸ் சொன்ன சுவர் எங்கேயும் தட்டுப்படவில்லை. தப்படி குறையக் குறைய நீளம் ஏறிக்கொண்டே போனது. பெரிய தப்படி தாண்டிப்போன குடாக்களுக்குள் சின்னது இறங்கியது. அதைவிடச் சின்னது குடாவுக்குள் இருக்கும் குட்டிக் குடாக்களுக்குள் இறங்கியது. பிரிட்டனை 200 கிலோமீட்டர் தப்படியால் சுற்றினால் சுமார் 2,400 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் தப்படியால் சுற்றினால் சுமார் 3,400.

ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு ஒழுங்கு இருந்ததைக் கண்டுபிடித்ததுதான் அவருடைய பெரிய காரியம். ஒவ்வொரு கரைக்கும் அதற்கென்று ஒரு எண். பிரிட்டனின் மேற்குக் கரையில் தப்படியைப் பாதியாக்கினால் நீளம் ஒவ்வொரு முறையும் 19 சதவீதம் ஏறும். வழவழவென்ற தென்னாப்பிரிக்கக் கரையில் ஏறுவது 1.4 சதவீதம் மட்டும். போர்ச்சுகல் எல்லையில் 10 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை வைத்து அந்த 987, 1214 விவகாரத்தையே தீர்த்துவிடலாம். இரண்டு முறை பாதியாக்கினால் 21 சதவீதம். 987-லிருந்து 1214-க்கு ஏற்றம் 23 சதவீதம். ஆக, பெரிய எண்ணை எழுதியவர்கள் சின்ன எண்ணை எழுதியவர்களின் தப்படியில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவாக வைத்து நடந்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் தன் தப்படியைச் சொல்லவும் இல்லை.

ரிச்சர்ட்சன் 1953-இல் இறந்தார். போர்களைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகங்கள் 1960-இல்தான் வந்தன. இந்த எல்லைக் கணக்கு அதற்கு அடுத்த வருடம், அதிகம் பேர் படிக்காத ஒரு ஆண்டு மலரில், பின்னிணைப்பாக வெளியானது.

*

இதே பூதத்தை அவருக்கு முன்பே ஒருவர் பார்த்திருந்தார். போலந்துக் கணிதவியலாளர் ஹூகோ ஸ்டெய்ன்ஹவுஸ். அப்போது போலந்தில் இருந்து இப்போது உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில் பேராசிரியர். (ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ரிச்சர்ட்சனுக்குப் பிடித்திருக்கும்.) யூதர். 1941-இல் ஜெர்மானியப் படைகள் ஊரைப் பிடித்ததும் வீட்டைவிட்டு ஓடி, வேறொருவர் பெயரில், கிராமத்தில் ஒளிந்து வாழ்ந்தார். ஒளிந்திருந்த குழந்தைகளைப் போலவே பள்ளியும் ஒளிந்திருந்த காலம், ரகசியமாகப் பாடம் நடத்தினார். புத்தகங்கள் இல்லை. கைக்குக் கிடைத்த ஜெர்மானியச் செய்தித்தாள்களில், போரில் இறந்த மகன்களுக்கான அறிவிப்புகளில் எத்தனை பேர் அந்தக் குடும்பத்தின் இரண்டாவது, மூன்றாவது சாவு என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஜெர்மனியின் உண்மையான இழப்பைக் கணக்கிட்டாராம்.

அவர் 1930-களில் பரப்பிய ஒரு கருவி இருக்கிறது. லாங்கிமீட்டர் என்று பெயர். வளைவின் மேல் எதையும் நடத்த வேண்டாம், உருட்ட வேண்டாம். கண்ணாடித் தாள் ஒன்றும் பேனாவும் போதும். இதை நான் வீட்டில் செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம்.

ஜெராக்ஸ் கடையில் ஓஹெச்பி ஷீட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 3.82 மில்லிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகள் போட வேண்டும். கையால் 0.02 மில்லிமீட்டரைப் பிடிக்க முடியாது. பத்து இடைவெளி சேர்ந்து 38.2 வருகிற மாதிரி புள்ளி வைத்துக்கொண்டால் பிழை தேங்காது. தாளை வளைவின் மேல் வைத்து, கோடுகள் வளைவை எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு கோணமானி வைத்துத் தாளை 30 டிகிரி திருப்பி மறுபடி எண்ணுங்கள். இப்படி மொத்தம் ஆறு திசைகள். ஆறு எண்ணிக்கையையும் கூட்டினால் வருவது வளைவின் நீளம், மில்லிமீட்டரில். பெருக்கலே வேண்டாம்.

முதல் தடவை இதைக் கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும். நீளமான கோடு அதிக இடங்களில் வெட்டுப்படும் என்பதுதான் அடிப்படை. ஒரே திசையில் மட்டும் எண்ணினால், கோடுகளுக்கு இணையாக ஓடும் துண்டு வெட்டுப்படாமல் தப்பித்துவிடும். அதனால்தான் திருப்பித் திருப்பி வைக்கிறோம். எல்லாத் திசைக்கும் சராசரி எடுத்தால் வெட்டுகளின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் நடுவில் பை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 3.82-ஐ பையால் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 1 வரும். அதற்காகத்தான் அந்த விநோத இடைவெளி. 4 மில்லிமீட்டர்தான் போட முடிந்தது என்றால் கடைசியில் 1.047-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

பத்து ரூபாய்க் காயினை வைத்துச் சோதித்தேன். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். திசைக்கு ஏழு கோடுகள் அதன் மேல் விழுந்தன. ஒரு கோட்டுக்கு இரண்டு வெட்டு என்று 14. ஆறு திசைக்கு 84. நிஜமான சுற்றளவு 84.8. கையால் போட்ட கோட்டுக்கு இது போதாதா?

ஸ்டெய்ன்ஹவுஸ் இந்தத் தாளை ஆறுகளின் மேலும் வைத்திருக்கிறார். விஸ்துலா நதியின் இடது கரையை நுணுக்கமாக, இன்னும் நுணுக்கமாக அளந்துகொண்டே போனால், பள்ளி மேப்பில் கிடைப்பதைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீளம்கூட வரலாம் என்று 1954-இல் எழுதினார். அதற்கு அவர் சொன்ன தீர்வு எனக்குப் பிடிக்கும். ஒரு கோட்டில் இத்தனை வெட்டுக்கு மேல் எண்ண மாட்டேன் என்று முதலிலேயே ஒரு வரம்பை அறிவித்துவிடு. அந்த வரம்போடு சேர்த்து நீளத்தைச் சொல். அப்போது யார் எண்ணினாலும் ஒப்பிட முடியும்.

அதே விஸ்துலா ஓடும் வார்சாவில் பிறந்த பெனுவா மாண்டல்பிராட்தான் 1967-இல் இரண்டு பேரையும் ஒரே கட்டுரையில் கொண்டுவந்தார். பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்கும் தலைப்பு, சயின்ஸ் இதழில். அங்கிருந்து ஃபிராக்டல் கதை தொடங்குகிறது. அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு அதில் ஒரு வரிதான் வேண்டும்: சின்ன நாடு தன் எல்லையைப் பெரிய அண்டை நாட்டைவிட நுணுக்கமாக அளப்பதில் ஆச்சரியமில்லை என்கிறார். போர்ச்சுகலுக்கு அந்த எல்லை நாட்டின் பாதி உடம்பு. ஸ்பெயினுக்கு அது ஒரு ஓரம்.

*

இந்தியாவின் கடற்கரை 7516.6 கிலோமீட்டர் என்று படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை நாம். அதில் தமிழ்நாட்டின் பங்கு 906.9. ஆனால் தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களைத் திறந்தால் 1,076 கிலோமீட்டர் என்று இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. "அண்ணா, டிஎன்பிஎஸ்சிக்கு எத எழுதுறது, யுபிஎஸ்சிக்கு எத எழுதுறது?" மத்திய அரசு சின்ன எண், மாநிலம் பெரிய எண். ஸ்பெயினும் போர்ச்சுகலும்தான்.

உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் மொத்தக் கடற்கரை 11,098.81 கிலோமீட்டர் ஆகிவிட்டது. புதிதாக ஒரு பிடி மண்கூடச் சேரவில்லை. 1970-களின் அளவீடு 45 லட்சத்தில் ஒன்று என்ற மேப்பில் நடந்தது, அதில் ஒரு சென்டிமீட்டர் 45 கிலோமீட்டர். புதியது 2.5 லட்சத்தில் ஒன்று. மேப் 18 மடங்கு நுணுக்கமானது, அவ்வளவுதான். தமிழ்நாடு 1068.69 ஆனது. மாநிலம் அத்தனை வருடமாகச் சொல்லிவந்ததற்குப் பக்கத்தில்.

அந்த 18 மடங்கைத் தப்படியாக வைத்துக்கொண்டு, ரிச்சர்ட்சன் பாணியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேப்பின் அளவும் டிவைடரின் தப்படியும் ஒன்றில்லை, பழைய அளவீட்டில் திருத்தங்களும் நடந்திருக்கின்றன. அதனால் இதை ஆய்வென்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு சாயங்கால விளையாட்டு. 569.7-லிருந்து 600.15 ஆன கேரளம், தப்படி பாதியாகும்போது 1.3 சதவீதம் ஏறுகிறது. தென்னாப்பிரிக்கா மாதிரி. 1214.7-லிருந்து 2340.62 ஆன குஜராத் 17 சதவீதம், பிரிட்டனின் மேற்குக் கரையை எட்டிப் பிடிக்கிறது. தமிழ்நாடு 4. சுந்தரவனத்தை வைத்திருக்கும் மேற்கு வங்கம் 157.5-லிருந்து 721.02, அதாவது 44 சதவீதம். பிச்சாவரத்தில் படகில் போயிருந்தால், நம் 4 எங்கிருந்து வந்திருக்கும் என்று கொஞ்சம் புரியும். மெரினாவில் நின்றால் புரியாது. புதுச்சேரி மட்டும் 47.6-லிருந்து 42.65-ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு டிவைடர் பதில் சொல்லாது. அரித்துப்போன கரையையும் பழைய பிழைகளையும்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் பழைய அட்லஸ் மாதிரியே ஒன்றை வாங்கி, கண்ணாடித் தாளைக் காவிரியின் மேல் வைத்து ஆறு திசையிலும் எண்ணினேன். 143 வெட்டுகள். அந்த மேப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு 5 கிலோமீட்டர், ஆக 715. கம்பளி நூலுக்கும் எச்சில் நூலுக்கும் நடுவில். நோட்டில் எழுதிக்கொண்டேன்: 715 கி.மீ., பள்ளி அட்லஸ், 3.82 மி.மீ., ஆறு திசை.